காரணம் தேடும் கைகள்

நுழையும்முன்

பொருள்கள் பழுதடைவது இயல்பு. பழுது கண்டவுடன் ஓர் உறுப்பைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்ப்பது ஒரு வழி. பழுது எங்கே தோன்றியது, எதனால் தோன்றியது என ஆராய்ந்து களைவது மற்றொரு வழி. முதல் வழிக்குப் பணம் போதும். இரண்டாம் வழிக்கு அறிவும் பொறுமையும் வேண்டும். மகிழுந்தின் வெப்பமூட்டியில் காற்றை ஊதும் சிறு விசிறி நின்றுபோனால், அதன் காரணத்தைக் கண்டறியும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

மலைப்பாதையில் ஒரு காலை

ஒரு காட்சியை மனத்தில் கொள்வோம். மார்கழி மாதத்து விடியற்பொழுது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையின் புல்வெளிகளில் உறைபனி வெண்மையாகப் படர்ந்திருக்கிறது. நால்வர் அமர்ந்த மகிழுந்து ஒன்று கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் நோக்கிப் புறப்படுகிறது. குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றியிருக்கின்றனர். சிறிது தொலைவு சென்றதும், வெப்பக் காற்றை ஊதிக்கொண்டிருந்த விசிறி ஓசையின்றி நின்றுவிடுகிறது.

இதனால் குளிர் மட்டுமே கூடும் என்று நாம் எண்ணலாம். ஆனால், அடுத்த சில நிமிடங்களில் முன்கண்ணாடியின் உட்புறம் வெண்புகை பூசியதுபோல் மங்குகிறது. நால்வரின் மூச்சுக்காற்றிலும் நீராவி உள்ளது. வெளிக்குளிரால் குளிர்ந்த கண்ணாடியில் அது பட்டவுடன் நுண்திவலைகளாகப் படிகிறது. கையால் துடைத்தால் நீர்க்கோடுகள் படிகின்றன, மீண்டும் மங்குகிறது. எதிரே வளைவு, அதற்கு அப்பால் பள்ளம். வசதிக்காக வைக்கப்பட்டது என நாம் கருதும் ஒரு சிறு விசிறி, உண்மையில் ஓட்டுநரின் பார்வையைக் காப்பது என்பதை இந்நேரத்தில்தான் உணர்கிறோம்.

ஓட்டுநர் செய்யவேண்டியது வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே. பக்கக் கண்ணாடிகளைச் சிறிது இறக்கினால் ஈரக்காற்று வெளியேறும். கண்ணாடியும் மெல்லத் தெளியும். தெளிந்த பிறகு, மெதுவாக ஓட்டிச் சென்று அருகிலுள்ள பணிமனையை அடையலாம். நம் காட்சியில் ஓட்டுநர் அவ்வாறே செய்து, கோத்தகிரியில் ஒரு முதிய பழுதுநீக்குநரின் பட்டறையை அடைகிறார்.

வெப்பம் வரும் வழி

பழுதை அறிய, முதலில் இயல்பை அறிதல் வேண்டும். பெட்ரோலோ டீசலோ எரியும்போது கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியது பெரும்பாலும் வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் குளிர்விப்பு நீர்மத்தின் வழியாகவும் வெளியேறுகிறது. இயந்திரத்தைச் சுற்றிவரும் அந்நீர்மம் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியசு வரை சூடாகிறது. அதன் ஒரு பகுதி, முகப்புப் பலகைக்குப் பின்னால் உள்ள சிறிய வெப்பமாற்றியின் மெல்லிய குழாய்களுக்குள் பாய்கிறது. அக்குழாய்களின்மீது காற்றைச் செலுத்தினால் சூடான காற்று கிடைக்கும். வீணாகும் வெப்பம் பயன் தரும்.

அவ்வாறு காற்றைச் செலுத்துவதே ஊதுவிசிறி. உருளை வடிவக் கூண்டுபோல் வரிசையாகத் தகடுகள் அமைந்த சக்கரத்தை, 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கும் மின்னோடி சுழற்றுகிறது. குளிரூட்டியை இயக்கும்போது குளிர்ந்த காற்றை ஊதுவதும் இதே விசிறிதான். ஆதலால், வெப்பமூட்டியை ஒருபோதும் தொடாத சமவெளி ஓட்டுநருக்கும் இப்பாடம் உரியது.

மின்கலத்திலிருந்து விசிறி வரை மின்சாரம் செல்லும் வழியைத் திருவிழாத் தேர் செல்லும் வீதிபோல் எண்ணிப் பார்க்கலாம். மின்கலம், மின்னுருகி, ரிலே, வேகத்தைத் தெரிவுசெய்யும் திருகு, மின்தடைத் தொகுதி, மின்னோடி ஆகியவற்றைக் கடந்து, வண்டியின் உடற்பகுதி வழியாக அது மீண்டும் மின்கலத்தை அடைகிறது. வண்டிக்கு வண்டி இவ்வரிசை சற்று மாறலாம். ஆயினும், வீதி எங்கே அடைபட்டாலும் தேர் நிற்கும் என்பது மாறாது. எங்கே அடைபட்டது எனக் காண்பதே பழுது ஆய்வு.

தெரியுமா?

மின்சாரத்தால் இடையறாச் சுழற்சியை உண்டாக்க முடியும் என மைக்கேல் ஃபாரடே 1821ஆம் ஆண்டில் செய்துகாட்டினார். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றிற்கும் உள்ள தொடர்பை ஜார்ஜ் சைமன் ஓம் 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இன்றைய மகிழுந்து விசிறியின் பழுதைக் கண்டறிய இவ்விருவரின் கண்டுபிடிப்புகளே துணைநிற்கின்றன.

கேள்வியே முதற்கருவி

முதியவர் உடனே திருப்புளியை எடுக்கவில்லை. “கடைசியாக எந்த வேகத்தில் ஓடியது, தம்பி?” என்று கேட்டார்.

“ஒரு மாதமாகவே நான்காம் எண்ணில் மட்டும்தான் ஓடியது, ஐயா. ஒன்று, இரண்டு, மூன்றில் வைத்தால் ஓடாது. இன்று அதுவும் நின்றுவிட்டது.”

“கருகிய வாடை வந்ததா? உள்ளே உரசும் ஓசை கேட்டதா?”

“உரசும் ஓசை மழைக்காலம் முதலே இருந்தது. இரண்டு வாரத்திற்கு முன் ஒருமுறை முழுவதும் நின்றது. வழியில் ஒரு கடையில் ஃபியூசை மாற்றித் தந்தார்கள்; ஓடியது.”

இச்சில வினாக்களிலேயே பாதி ஆய்வு முடிந்துவிட்டது. மருத்துவர் நாடி பார்க்குமுன் நோயாளியிடம் கேட்பதைப்போல, பழுதுநீக்குநர் வண்டியின் வரலாற்றைக் கேட்கிறார். எப்போது தொடங்கியது, படிப்படியாக வந்ததா, திடீரென வந்ததா, அதற்கு முன் என்ன வேலை செய்யப்பட்டது என்பவை அடிப்படைக் கேள்விகள். விடைகள் ஆய்வின் பரப்பைச் சுருக்குகின்றன.

அறிகுறிகள் காட்டும் திசை

ஊதுவிசிறியின் குறைகளை நான்கு அறிகுறிகளாகப் பகுக்கலாம்.

முதலாவது, விசிறி சுழலும் ஓசை கேட்கிறது. காற்று மட்டும் குறைவாக வருகிறது. இங்கு மின்சாரத்தில் குறையில்லை. காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம். காற்றைத் திசைதிருப்பும் மடல் சிக்கியிருக்கலாம். பல வண்டிகளில் வடிகட்டி, முன்னிருக்கைப் பயணியின் முழங்காலுக்கு எதிரே உள்ள சிறுபெட்டிக்குப் பின்னால் இருக்கும். அதைக் கருவியின்றியே கழற்றிப் பார்க்க இயலும்.

இரண்டாவது, காற்று நன்றாக வருகிறது. ஆனால் சூடாக இல்லை. இது விசிறியின் குறையன்று. குளிர்விப்பு நீர்மம் குறைந்திருக்கலாம். வெப்பநிலைக் கட்டுப்பாட்டு அடைப்பிதழ் திறந்த நிலையிலேயே நின்றிருக்கலாம். இயந்திரம் சூடாக உள்ளபோது நீர்மக்கலத்தின் மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும்.

மூன்றாவது, உச்ச வேகத்தில் மட்டும் விசிறி ஓடுகிறது. இது மின்தடைத் தொகுதியின் பழுதைக் காட்டும் அறிகுறியாகும். இதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

நான்காவது, எந்த வேகத்திலும் அசைவில்லை. இப்போது மின்சாரம் செல்லும் வழியைப் படிப்படியாகச் சோதித்தல் வேண்டும்.

நம் காட்சியில் மூன்றாம் அறிகுறி ஒரு மாதம் நீடித்து, பின்னர் நான்காம் அறிகுறி தோன்றியிருக்கிறது. இவ்வரிசை முக்கியமானது.

காவலன் தரும் செய்தி

எளிதில் எட்டுவதையும் செலவு குறைந்ததையும் முதலில் பார்ப்பது பழுதுநீக்குநர் மரபு. ஆகவே, முதலில் மின்னுருகி. இது, மின்னோட்டம் அளவு கடந்தால் தான் உருகி, மின்கம்பிகளைக் காக்கும் மெல்லிய உலோகத் துண்டு. அதன் மேலுறையின் நிறம் தாங்கும் அளவைக் குறிக்கும். வழக்கமான தகட்டு வகையில் 10 ஆம்பியருக்குச் சிவப்பு, 15க்கு நீலம், 20க்கு மஞ்சள், 30க்குப் பச்சை என்பன பொது வழக்கு. ஊதுவிசிறிக்குப் பல வண்டிகளில் 20 முதல் 30 ஆம்பியர் வரையிலான மின்னுருகி உண்டு. எந்த இடத்தில் எது என்பதை மின்னுருகிப் பெட்டியின் மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ காணலாம்.

முதியவர் கழற்றிய மின்னுருகி கருகியிருந்தது. புதியதை மாட்டினால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். இரண்டு வாரங்களுக்கு முன் வழியோரக் கடையில் அதைத்தான் செய்தார்கள். மின்னுருகி காரணமின்றி உருகுவதில்லை. வாயிற்காவலன் தாக்கப்பட்டுக் கிடந்தால், வேறொரு காவலனை நிறுத்துவதோடு ஒருவர் அமைதி அடைவாரா? தாக்கியவன் யார் எனத் தேடுவாரல்லரோ?

இங்கு ஒரு தவறான பழக்கத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். அடிக்கடி உருகுகிறது என்பதற்காக 20 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியரை மாட்டுவோர் உண்டு; செப்புக் கம்பியைச் சுற்றிச் செருகுவோரும் உண்டு. அப்போது மின்னுருகி உருகாது; அதற்குப் பதிலாக முகப்புப் பலகைக்குள் ஓடும் கம்பியின் காப்புறை உருகும். வண்டி தீப்பற்றுவதற்கு அதுவே போதும். உரிய அளவுள்ள மின்னுருகியை மட்டுமே பயன்படுத்துதல் வேண்டும்.

மின்சாரத்தின் வழியே நடத்தல்

மின்னுருகி நன்றாக இருந்தும் விசிறி ஓடாத வண்டிகளும் உண்டு. அவற்றில் அடுத்த சோதனை ரிலே. சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறக்கவும் மூடவும் செய்யும் மின்காந்தக் கதவு அது. அதே எண் கொண்ட வேறொரு ரிலே அருகிலேயே இருப்பின், இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

அடுத்து, மின்னோடியின் இணைப்பானில் மல்டிமீட்டரைக் கொண்டு அளத்தல் வேண்டும். சாவியைத் திருப்பி, விசிறியை உச்ச வேகத்தில் வைத்து, இணைப்பைக் கழற்றாமலேயே அளப்பது நன்று. துருப்பிடித்த இணைப்பொன்று, சுமையில்லாதபோது 12 வோல்ட்டைக் காட்டி ஏமாற்றும். மின்னோடி இழுக்கத் தொடங்கியவுடன் அது 3 அல்லது 4 வோல்ட்டாகச் சரியும். சும்மா நிற்கும் காளையைக் கண்டு அதன் வலிமையை அறிய முடியாது. ஏரில் பூட்டிய பின்னரே அறியலாம்.

மின்னோடியின் இரு முனைகளுக்கிடையே 12 வோல்ட் அளவில் மின்னழுத்தம் இருந்தும் அது சுழலவில்லையெனில் பழுது மின்னோடியிலேயே உள்ளது. மின்னழுத்தம் இல்லையெனில், அது தொலைந்த இடத்தைத் தேடி மின்கலத்தை நோக்கிப் பின்னே நடத்தல் வேண்டும். வரும் வழி சரியாக இருந்து, திரும்பும் வழியாகிய புவியிணைப்பு துருவேறிப் போயிருப்பதும் உண்டு. பலர் பார்க்க மறக்கும் இடம் இது.

மின்னோடியின் உறையை மெல்லத் தட்டியவுடன் விசிறி சுழலத் தொடங்கினால், உள்ளிருக்கும் கரித்தூரிகைகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். தட்டுதல் சோதனையே தவிரத் தீர்வன்று. சில நாளில் அது மீண்டும் நின்றுபோகும்.

மின்தடைத் தொகுதி

பழைய அமைப்பு கொண்ட பல வண்டிகளில், விசிறியின் வேகத்தைக் குறைக்கும் பணி மின்தடைச் சுருள்களுக்கு உரியது. எடுத்துக்காட்டாக, குறைந்த வேகத்தில் 5 ஆம்பியர் மின்னோட்டம் 1.4 ஓம் மின்தடை வழியாகச் செல்வதாகக் கொள்வோம். ஓம் விதிப்படி 7 வோல்ட் மின்தடையிலேயே செலவாகிறது. 12 வோல்ட்டில் எஞ்சிய 5 வோல்ட் மட்டுமே மின்னோடியை அடைவதால் அது மெல்லச் சுழல்கிறது. மின்தடையில் செலவான 7 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 35 வாட். இது முழுவதும் வெப்பமாகிறது. அவ்வெப்பம் தணியும்பொருட்டே, மின்தடைத் தொகுதியைக் காற்று பாயும் குழாயினுள் பொருத்துகின்றனர். தான் ஊதும் காற்றாலேயே விசிறி தன் மின்தடையைக் குளிர்விக்கிறது.

உச்ச வேகத்தில் மின்னோட்டம் மின்தடையைத் தொடாமல் நேரே மின்னோடிக்குச் செல்கிறது. எனவே, மின்தடைத் தொகுதி எரிந்துபோனாலும் உச்ச வேகம் மட்டும் எஞ்சி நிற்கும். மூன்றாம் அறிகுறியின் காரணம் இதுவே. தானியங்கித் தட்பவெப்பக் கட்டுப்பாடு உள்ள புதிய வண்டிகளில் மின்தடைச் சுருள்களின் இடத்தில் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். அங்கு இவ்வறிகுறி இதே வடிவில் தோன்றாது.

காரணத்தின் காரணம்

நம் வண்டியில் மின்தடைத் தொகுதி எரிந்துள்ளது; மின்னுருகியும் உருகியுள்ளது. இரண்டையும் மாற்றினால் போதுமா? முதியவர் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, ஊதுவிசிறியை வெளியே எடுத்தார். கூண்டின் தகடுகளுக்கிடையே தைலமர இலைகளும் சருகுகளும் ஈரத்தில் மக்கி அடைந்திருந்தன. சக்கரத்தை விரலால் சுழற்றினால் உரசி நின்றது. வடிகட்டி இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அழுக்கடைந்த வடிகட்டியை எப்போதோ எடுத்தவர்கள் புதியதை வைக்கவில்லை. முன்கண்ணாடியின் அடியில், மழைத்துடைப்பான்களுக்கு அருகே உள்ள காற்றுத்துளைகளின் வழியே சருகுகள் தடையின்றி உட்புகுந்திருந்தன.

இப்போது நிகழ்ச்சிகள் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. சுழலும் மின்னோடி, தன்னுள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, மின்னோட்டத்தை ஓரளவுக்குள் வைத்திருக்கும். சருகுகளால் சுழற்சி தடைபட்டபோது அவ்வெதிர்ப்பு குறைந்தது, மின்னோட்டம் கூடியது. மின்னோட்டம் கூடியதால் மின்தடை மிகுதியாகச் சூடேறியது. காற்று குறைந்ததால் அச்சூடு தணியவில்லை. முதலில் மின்தடைத் தொகுதி எரிந்தது. அதன்பின் ஓட்டுநர் உச்ச வேகத்தையே பயன்படுத்தினார். சிக்கிய மின்னோடி மேலும் மின்னோட்டத்தை இழுக்க, மின்னுருகி உருகியது. கடைக்காரர் புதியதை மாட்டினார். சருகு மேலும் இறுக, அதுவும் உருகியது. நீண்ட இச்சங்கிலியின் முதற்கண்ணி, பொருத்தாமல் விட்ட ஒரு வடிகட்டி!

முதியவர் சருகுகளை நீக்கித் தூய்மை செய்து, சக்கரம் தடையின்றிச் சுழல்வதை உறுதிசெய்தார். மின்தடைத் தொகுதியையும் மின்னுருகியையும் மாற்றினார். இணைப்பானின் நெகிழி உருகியுள்ளதா எனவும் பார்த்தார். விசிறியை ஓடவிட்டு, இழுக்கும் மின்னோட்டத்தைக் கிளாம்ப் மீட்டரால் அளந்து, அது அளவுக்குள் இருப்பதைக் கண்ட பின்னரே மூடினார். இறுதியாக ஒரு புதிய வடிகட்டியை வைத்தார். அவர் மாற்றிய பொருள்களுள் விலையுயர்ந்தது எதுவுமில்லை. புதிய மின்னோடி வாங்கவேண்டிய தேவையும் எழவில்லை.

நோயையும் அதன் முதற்காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே அதைத் தணிக்கும் வழியை மேற்கொள்ளுமாறு திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம் மருத்துவருக்கு அறிவுறுத்துகிறது. அவ்வறிவுரை மனித உடலுக்கு உரியதுபோலவே பட்டறையில் நிற்கும் வண்டிக்கும் பொருந்துகிறது.

செய்யுமுன் அறிக

விசிறியையோ மின்தடைத் தொகுதியையோ கழற்றுமுன் சாவியை எடுத்து, மின்கலத்தின் எதிர்முனையைப் பிரித்தல் வேண்டும். முகப்புப் பலகைக்குள் உயிர்காக்கும் காற்றுப்பைகள் உள்ளன. அவற்றின் கம்பிகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றைத் தொடுவதோ அளப்பதோ கூடாது. சற்றுமுன் ஓடிய மின்தடைத் தொகுதி கையைச் சுடக்கூடும். வடிகட்டியைத் தூய்மை செய்தல், உரிய மின்னுருகியை மாற்றுதல் ஆகியவற்றை வண்டி உரிமையாளரே செய்யலாம். அதற்கு மேற்பட்டவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைத்தல் நலம்.

தெரிந்து தெளிவோம்

பழுதடைந்த பொருளைத் தூக்கி எறியாமல் சீர்செய்து பயன்படுத்துவதை நுகர்வோரின் உரிமையாகக் கருதும் எண்ணம் உலகெங்கும் வலுப்பெற்று வருகிறது. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமைக்கான நெறிமுறைகளை வகுக்க 2022ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகியன அக்குழு கருத்தில் கொண்ட துறைகளாகும்.

நிறைவாக

மின்னுருகியை மட்டும் மாற்றியவரும் உழைத்தார். சருகு வரை சென்றவரும் உழைத்தார். முன்னவரின் உழைப்பு இரண்டு வாரம் நின்றது. அதன் முடிவில் நால்வர், பார்வை மறைந்த கண்ணாடியோடு மலை வளைவில் நின்றனர். பின்னவர் செலவிட்டது இன்னும் ஒரு மணிநேரம். எழுப்பியது ‘ஏன்’ என்னும் ஒரு கேள்வி. கேட்டல், எளியதிலிருந்து தொடங்குதல், ஊகிக்காமல் அளத்தல், கிடைத்த விடைக்குப் பின்னும் ஒருமுறை ‘ஏன்’ எனக் கேட்டல் ஆகிய இந்நான்கும் எத்தொழிலுக்கும் பொருந்தும் படிகளாகும். மலைப்பாதையில் இறங்கும் ஒவ்வொரு வண்டியின் தெளிந்த கண்ணாடிக்குப் பின்னால், இப்படிகளைப் பொறுமையாக ஏறிய யாரோ ஒருவரின் கைகள் உள்ளன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள வாகனப் பணிமனை ஒன்றுக்குச் சென்று, பழுதைக் கண்டறிய அவர்கள் கேட்கும் முதல் ஐந்து வினாக்களைத் தொகுத்து வருக.

2. வீட்டில் அண்மையில் பழுதடைந்த பொருளொன்றின் காரணச் சங்கிலியை வரைந்து, அதன் முதற்கண்ணியை வகுப்பில் விளக்குக.

மதிப்பீடு

குறுவினா
உச்ச வேகத்தில் மட்டும் ஊதுவிசிறி ஓடுவது எதன் அறிகுறி?

சிறுவினா
அளவு மிகுந்த மின்னுருகியைப் பொருத்துவதால் விளையும் தீங்கினை விளக்குக.

நெடுவினா
‘மின்னுருகி காரணமின்றி உருகுவதில்லை’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் நிகழ்ச்சியைக் கொண்டு நிறுவுக.